பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு விண்டோஸ் பெட்டி: நான் பட்ட பாடு

உசிலம்பட்டியில் அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை இப்போது நான் நடத்துகிறேன். லோயர், ஹையர் படிக்க வருகிற பிள்ளைகளுக்காக ஃபேசிட்டும் ரெமிங்டனுமாக மெஷின்கள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. அப்பா காலத்தில் மெஷின் வாங்கினால் மெஷின் நம்முடையது, அவ்வளவுதான். ரிப்பன் மாற்றலாம், எண்ணெய் விடலாம், நாற்பது பேரை உட்கார வைத்து அடிக்க விடலாம், பழசானால் விற்கலாம். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவள் நான். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஒன்றரை வருடம் என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன். எங்களைப் போல சின்ன ஊர்களில் பத்துப் பதினைந்து சிஸ்டம் வைத்துப் பிழைப்பவர்கள் நிறைய. இதை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

கொரோனாவில் இரண்டு வருடம் பாதி நாள் பூட்டியே கிடந்தது. திறந்த பிறகு வந்த பிள்ளைகள் டைப்ரைட்டிங்கோடு கம்ப்யூட்டரும் கேட்டார்கள். வேர்ட், எக்செல், டேலி, அரசுத் தேர்வுக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன். அம்மாவின் வளையல் இரண்டை அடகு வைத்து, 2022 மார்ச்சில் ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போனேன். செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் விற்கிற ஒரு கடையில் மானிட்டரோடு ஒரு செட் 14,500 ரூபாய் என்று 12 செட் பேசி முடித்தேன். 1,74,000 ரூபாய். அதில் 8 பிராண்டட், ஏதோ பெரிய கம்பெனி கழித்துக் கட்டியவை. 4 அசெம்பிள்டு. "விண்டோஸ் எல்லாம் போட்டே தர்றோம் மேடம், போய் ஸ்விட்ச்சைப் போட வேண்டியதுதான்" என்றார் கடைக்காரர். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ரேம் எவ்வளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா, கீபோர்டில் எழுத்து அழிந்திருக்கிறதா என்றெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்தேன். விண்டோஸ் எந்த வகை, அதன் உரிமை யார் பேரில் என்று கேட்கத் தோன்றவே இல்லை. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் கூட வரும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். காசு மிச்சம் என்று நானும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். என் முதல் தப்பு அந்தத் தாள்தான்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் வரிசையாக எல்லாத் திரையிலும் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்து நின்றது. எங்கள் ஊர் சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "கீ முடிஞ்சிருச்சுக்கா, ஒரிஜினல் வாங்கிப் போட்டுட்டா தொல்லை இல்ல" என்றான். கீ என்றால், விண்டோஸை ஆக்டிவேட் பண்ண அடிக்கிற இருபத்தைந்து எழுத்து. வேலை எதுவும் நிற்கவில்லை, டைப் அடிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம். ஆனால் ஃபீஸ் கட்ட வருகிற அப்பா அம்மா கண்ணுக்கு அது தெரிகிறதே என்று எனக்கு உறுத்தியது. மறுபடி மதுரைக்குப் போய் சீல் போட்ட விண்டோஸ் 10 ப்ரோ பெட்டி ஒன்று வாங்கினேன். பதினாலாயிரத்துச் சொச்சம். ஒன்று வாங்கினால் பன்னிரண்டுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று நான் நிச்சயமாக நம்பினேன். சிரிக்காதீர்கள். ஆன்டிவைரஸ் வாங்கும்போது ஒரு யூசர், மூணு யூசர் என்று அட்டையில் போட்டே விற்கிறார்கள். விண்டோஸ் பெட்டியில் அப்படி எண் எதையும் நான் பார்க்கவில்லை. எண் இல்லை என்றால் எத்தனைக்கும் போடலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

தம்பி என் ஆபீஸ் சிஸ்டத்தில், அதாவது ஒன்றாம் நம்பரில், ஃபார்மட் எதுவும் பண்ணாமல் செட்டிங்ஸில் போய்க் கீயை மட்டும் மாற்றினான். ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில் அதே கீயை அடித்தான். இந்தக் கீ வேறொரு கருவியில் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தது. மூன்றாவதிலும் அதேதான். கடைக்குப் போன் போட்டால், "ஒரு பெட்டிக்கு ஒரு சிஸ்டம்தான் மேடம், சீல் உடைச்சாச்சு, திருப்பி எடுக்க முடியாது" என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு பெட்டி என்றால் சிஸ்டம் வாங்கிய காசுக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஆகிவிடுமே!

இதன் விதி என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருப்பது, இந்த மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்பது. ஓர் உரிமத்துக்கு ஒரு கருவி, அதில் ஒரு நிறுவல், ஒரு நேரத்தில் ஒருவர். ஒரே கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவலாக இன்னொரு விண்டோஸ் ஓட விட்டாலும் அதற்குத் தனி உரிமம் வேண்டும். நாம் எல்லாரும் 'ஐ அக்செப்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறோமே, அங்கேதான் இவ்வளவும் இருக்கிறது. ஒரே பென்டிரைவை வைத்து நூறு சிஸ்டத்தில் விண்டோஸ் ஏற்றலாம், அதில் தப்பில்லை. ஏற்றுகிற ஃபைலை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் இலவசமாகத்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அதற்கென்று ஓர் உரிமம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சிடிக்கும் உரிமத்துக்கும் சம்பந்தமில்லை என்பது மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் நான் செய்தது இன்னும் மோசம். இன்டர்நெட்டில் தேடினால் ஒரு கீ 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 'ஒரிஜினல், லைஃப்டைம்' என்று போட்டிருந்தது. தம்பி உள்ளே பார்த்துவிட்டு, "கடைக்காரன் இதுல என்டர்பிரைஸ் போட்டு வச்சிருக்கான்கா, அதுக்கான கீயே வாங்கிருவோம்" என்றான். என்டர்பிரைஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான விண்டோஸ் வகை. 11 கீ, 7,150 ரூபாய். வாட்ஸப்பில் இருபத்தைந்து எழுத்துகளாக வந்து சேர்ந்தன. அடித்ததும் எல்லாம் ஆக்டிவேட் ஆகிவிட்டன. பெட்டி வாங்கிய முட்டாள்தனத்தை நினைத்து நொந்துகொண்டேன், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று. 2023 பிப்ரவரியில், டைப்ரைட்டிங் தேர்வு சமயம், 7 சிஸ்டத்தில் அதே சாம்பல் எழுத்து திரும்பி வந்தது. கீ விற்றவருடைய போன் சுவிட்ச் ஆஃப்.

அந்தக் கீகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு புரிந்தது. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக உரிமம், அதாவது வால்யூம் லைசென்ஸ், வாங்கும்போது, ஒரே கீயை இத்தனை சிஸ்டம் வரை போடலாம் என்று எண்ணிக்கை கட்டி ஒரு கீ தருவார்கள். மாக் என்று பெயர். அந்த மாதிரிக் கீயை யாரோ வெளியே எடுத்து, நூறு பேருக்குத் துண்டு போட்டு விற்கிறார்கள். எண்ணிக்கை தீர்ந்தால் புதிதாக எதிலும் போட முடியாது, நிறுவனம் கண்டுபிடித்து முடக்கச் சொன்னால் கதை முடிந்தது. முடக்காமல் பத்து வருடம் ஓடினாலும் அது நமக்குச் சொந்தமில்லை. வீட்டுச் சாவி கையில் இருந்தால் வீடு நம்முடையதாகிவிடுமா? பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றுதானே கேட்பார்கள். கீ என்பது சாவி. பில்லும், உரிமம் எந்த வகை என்பதும்தான் பத்திரம். 650 ரூபாய்க்கு அந்தப் பத்திரம் வராது.

தேர்வு நேரம், தலைக்கு மேல் வேலை. "கவலப்படாதீங்கக்கா, ஆக்டிவேட்டர் ஒண்ணு இருக்கு, ரெண்டு நிமிசம்" என்றான் தம்பி. சிஸ்டத்துக்கு 300 ரூபாய், ஏழுக்கு 2,100. போடுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைத்தான். எதற்கு என்று கேட்டேன். "இது நல்ல சாஃப்ட்வேரையும் வைரஸ்னு சொல்லும்க்கா" என்றான். அந்தப் பதில் எனக்கு அன்றைக்குச் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டிப்போடு என்றால், ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 11. காலையில் திறந்து, கணக்கு எழுதுகிற டேலியைத் தட்டினால் உள்ளே கணக்கே இல்லை. ஃபோல்டரைப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் என்னென்னவோ எழுத்துகள் ஒட்டியிருந்தன. கூடவே ஒரு நோட்பேட் ஃபைல், பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று. இன்ஸ்டிட்யூட்டோடு சேர்த்து, எங்கள் பஜாரில் 9 கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். உரக்கடை, இரும்புக்கடை, இரண்டு மளிகை இப்படி. என் டேலி காசு கொடுத்து வாங்கிய டேலி, ஒன்றாம் நம்பர் விண்டோஸும் பெட்டியில் வாங்கியது. ஆனால் பிள்ளைகள் அடித்ததை பிரின்ட் எடுப்பதற்காக ஒன்றாம் நம்பரில் ஒரு ஃபோல்டரை எல்லாச் சிஸ்டத்துக்கும் திறந்து விட்டிருந்தேன். டேலி டேட்டாவும் அதே டிரைவில், அதே ஷேரில் இருந்தது. வேறு ஏதோ ஒரு சிஸ்டத்தில் புகுந்தது அந்த வழியாக வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. ஆக்டிவேட்டர்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நாங்கள் உள்ளே விட்ட பொருள் அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும்.

மதுரையில் ஒருவர் டேட்டா எடுத்துத் தருவதாகச் சொல்லி 3,500 வாங்கினார், ஒன்றும் வரவில்லை. வீட்டில் ஒரு பழைய பென்டிரைவில் டிசம்பர் வரை 5 கடைகளின் டேட்டா இருந்தது. மற்ற 4 கடைக்கு பிரின்ட் எடுத்த பேப்பரும் பில் கட்டும்தான் மிச்சம். 19 நாள். காலையில் பேட்ச் முடித்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி பதினொன்று வரை என்ட்ரி. இரண்டு கடைக்கு மார்ச் மாத ஜிஎஸ்டி 3பி ரிட்டனை ஏப்ரல் 20க்குள் போட முடியவில்லை. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், 10 நாள், இரண்டுக்கும் சேர்த்து 1,000 ரூபாயை நானே கட்டினேன். இரும்புக்கடை அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாதம் பேசாமல் கணக்கை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. கடைவீதியில் அவர் கடையைத் தாண்டும்போது இப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், இல்லை. சிஸ்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தம்பி கையிலிருந்த அதே பென்டிரைவை வைத்து, அதே என்டர்பிரைஸை, அதே ஆக்டிவேட்டரோடு 11 சிஸ்டத்தில் திரும்பப் போட்டோம். "ஏதோ மெயில தொறந்திருப்பீங்கக்கா" என்று அவன் சொன்னதை நம்பினேன். வேறு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. பாவம், அந்தத் தடவை அவன் காசு வாங்கவில்லை.

ஜூலையில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. ஆன்லைன் தேர்வு நடத்தும் ஒரு நிறுவனம் லேப் தேடியது. மாதம் இரண்டு நாள், நாளுக்கு 5,000 ரூபாய். வளையலை மீட்டுவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன். லேப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். யுபிஎஸ், கேமரா, இன்டர்நெட் எல்லாம் சரி என்று டிக் போட்டார். பிறகு ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வந்த சின்னப் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று அடித்தார். ஒரு பெட்டி வந்தது. 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் சேனல்' என்று அதில் இருந்தது. அடுத்து டிஎல்ஐக்குப் பதில் எக்ஸ்பிஆர் என்று அடித்தார். அக்டோபரில் ஒரு தேதி காட்டியது. "மேடம், உங்ககிட்ட கேஎம்எஸ் சர்வர் இருக்கா?" என்று கேட்டார். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டேன். அவர் ஃபைலை மூடினார்.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களில் உள்ளுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து எல்லாச் சிஸ்டத்தையும் ஆக்டிவேட் பண்ணுகிற முறை. குறைந்தது 25 சிஸ்டம் அந்த சர்வரிடம் கேட்டால்தான் அது கொடுக்கவே ஆரம்பிக்கும். ஒருமுறை கொடுத்தால் 180 நாள் செல்லும், அதற்குள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டர் என்று தம்பி போட்டது, அந்த சர்வர் மாதிரி நடிக்கிற ஒரு பொய் நிரல். மார்ச்சில் வாங்கிய சிஸ்டம் செப்டம்பரில் ஏன் ஒரே நாளில் பல்லைக் காட்டியது என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தக் கடைக்காரரும் இதைத்தான் பன்னிரண்டிலும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்திருக்கிறார். 180 நாள்!

லேப் கிடைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அந்த இளைஞருக்கு இரக்கம் வந்ததோ என்னவோ, கிளம்பும்போது ஒரு பிராண்டட் சிபியூவைத் திருப்பி, பக்கவாட்டில் தபால்தலை அளவு ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். விண்டோஸ் 10 ப்ரோ. "மேடம், இதுக்கெல்லாம் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கு. மேல வேற எதையோ போட்டு மூடி வச்சிருக்கீங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிராண்டட் சிஸ்டம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விண்டோஸோடு வந்தால், அதற்கு ஓஇஎம் உரிமம் என்று பெயர். அது அந்தச் சிஸ்டத்தோடு பிறந்து அந்தச் சிஸ்டத்தோடுதான் சாகும். கழற்றி வேறு சிஸ்டத்துக்குப் போட முடியாது. ஆனால் சிஸ்டம் கைமாறினால் உரிமமும் கூடவே கைமாறும். விண்டோஸ் 7 காலத்தில் கீயை ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருப்பார்கள். விண்டோஸ் 8 முதல் வந்த பிராண்டட் சிஸ்டங்களில் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், ஸ்டிக்கரில் எழுத்து இருக்காது. அதற்குரிய விண்டோஸை முறையாக ஏற்றினால் கீ கேட்காமலே அதுவாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெரிய கம்பெனி இவற்றை ப்ரோவோடு வாங்கியிருக்கிறது. பழையது விற்கிறவர் மேலே என்டர்பிரைஸைப் போட்டதால், உள்ளே இருந்த கீ வேலை செய்ய வழியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றாம் நம்பர் உட்பட. ஆமாம், பதினாலாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியை ஏற்கெனவே உரிமம் உள்ள சிஸ்டத்தில்தான் போட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து ஏற்றும் ஃபைலை இறக்கி, புதுப் பென்டிரைவில் போட்டு, நானே உட்கார்ந்தேன். தம்பியைக் கூப்பிடவில்லை. முதல் சிஸ்டத்தை அழித்து ஏற்றினேன். கீ கேட்கவில்லை, எந்த எடிஷன் என்றும் கேட்கவில்லை. முடிந்து இன்டர்நெட் கொடுத்ததும் ஆக்டிவேட்டட் என்று காட்டியது. அதே டிஎல்ஐயை அடித்துப் பார்த்தேன். இப்போது 'ஓஇஎம் டிஎம் சேனல்'. எக்ஸ்பிஆர் அடித்தால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றது. மாடியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

எட்டில் ஏழு இப்படிச் சரியாகிவிட்டன. எட்டாவது ஆகவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே மதர்போர்டு வேறு. விற்பதற்கு முன் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஓஇஎம் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, போர்டு மாறினால் அது வேறு சிஸ்டம். ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கடையிலேயே சிஸ்டத்தைப் போடச் சொல்லி டிஎல்ஐ அடித்துப் பாருங்கள். ஓஇஎம் என்றோ ரீடெயில் என்றோ வந்தால் மேற்கொண்டு பேசலாம். வால்யூம் என்று வந்தால், ஆக்டிவேட் ஆகியிருந்தாலும், அந்த உரிமம் உங்களுக்கு வரப்போவதில்லை. கடைக்காரர் முகம் கோணினால் கோணட்டும்.

பெட்டியில் வாங்கியது ரீடெயில் உரிமம். அதில் ஒரு நல்ல சங்கதி, அதை ஒரு சிஸ்டத்தில் இருந்து எடுத்து நம்முடைய இன்னொரு சிஸ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒன்றாம் நம்பரைப் புதிதாக ஏற்றியபோது அது தன் சொந்த உரிமத்துக்கே திரும்பிவிட்டதால், பெட்டிக் கீயை ஓர் அசெம்பிள்டு சிஸ்டத்துக்குக் கொண்டுபோனேன். சிரமம் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆக அந்தப் பதினாலாயிரம் வீணாகவில்லை, பத்து மாதம் தப்பான இடத்தில் இருந்தது. அசெம்பிள்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அதில் உரிமம் எதுவும் உள்ளே இருக்காது, விலையில் 4,000 குறைவு என்று வாங்கினால் விண்டோஸுக்கு அதைவிட அதிகம் போகும். "வால்யூம் லைசென்ஸ் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னாலும் மயங்காதீர்கள். விண்டோஸைப் பொறுத்தவரை வால்யூம் உரிமம் என்பது மேம்படுத்தும் உரிமம்தான். அடியில் ஏற்கெனவே ப்ரோ போன்ற முழு உரிமம் இருக்கும் சிஸ்டத்தின் மேல்தான் அது செல்லும், வெறும் சிஸ்டத்துக்குச் செல்லாது.

மிச்சம் 4 சிஸ்டம். மூன்று அசெம்பிள்டு, ஒன்று போர்டு மாற்றியது. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டேன். எத்தனை சிஸ்டத்தில் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பிள்ளைகளுக்கு நகல் எடுத்தும் கொடுக்கலாம். அப்பாவின் ஃபேசிட் மாதிரி. தமிழ்99 அதிலும் அடிக்கலாம், வேர்ட், எக்செல் மாதிரி வேலை செய்ய லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, ஆரம்பப் பாடத்துக்குத் தாராளம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டேலி விண்டோஸுக்கானது, அங்கே வராது. எக்செல் படிக்க வந்த பிள்ளை, "மிஸ், இது எக்செல் மாதிரியே இருக்கு, ஆனா எக்செல் இல்ல" என்று முகத்தைச் சுளிக்கும். அதனால் முதல் மாதம் டைப்பிங் பயிற்சிக்கு மட்டும் அந்த நாலு. டேலிக்குக் கூடச் சட்டப்படி வழி இருக்கிறது. எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் ஓடும், மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போடலாம். சொல்லிக் கொடுக்க அது போதும். விண்டோஸ் உரிமத்துக்குள் வேர்டும் எக்செலும் அடங்காது, அவற்றுக்குத் தனி. இப்போதைக்கு 3 சிஸ்டத்துக்கு வாங்கியிருக்கிறேன், பேட்ச் பிரித்து உட்கார வைக்கிறேன். பிரௌசிங் சென்டர் மாதிரி மணிக்கணக்கில் சிஸ்டத்தை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு 'ரென்டல் ரைட்ஸ்' என்று இன்னொரு உரிமமும் உண்டு, சாதாரண உரிமத்தில் வாடகைக்கு விட அனுமதி இல்லை. இதை எங்கள் பஜாரில் சென்டர் வைத்திருக்கும் இருவரிடம் சொன்னேன். இருவரும் என்னை வேற்றுக்கிரகத்துக்காரி மாதிரிப் பார்த்தார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்கிறேன். போலீஸ் வருமா, கேஸ் ஆகுமா என்று பல ராத்திரி தூங்கவில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாளில் இருந்து 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். நான் ஃபீஸ் வாங்கி நடத்துகிறவள், அந்தச் சலுகை எனக்கு இல்லை. என் வாசலுக்கு யாரும் வரவில்லை. ஆனால் 'தெரிந்தே' என்ற அந்த வார்த்தை, ஜூலைக்குப் பிறகு எனக்குப் பொருந்த ஆரம்பித்துவிட்டது. தெரியாமல் இருந்தவரை வேறு, தெரிந்த பிறகு ஒரு நாள்கூட அதே பென்டிரைவோடு ஓட்ட மனசு வரவில்லை.

வீணான காசைக் கூட்டிப் பார்த்தேன். கீ 7,150, ஆக்டிவேட்டர் 2,100, டேட்டா எடுக்கிறேன் என்றவருக்கு 3,500, தாமதக் கட்டணம் 1,000. மொத்தம் 13,750. போன லேப் வாடகை மாதம் 10,000 கணக்கில் வராது. இரும்புக்கடை அண்ணனும் கணக்கில் வர மாட்டார். அந்த வளையல் மீட்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் உள்ளே வேண்டும். என்னுடையவை ஆறாம் தலைமுறை. உரிமம் பக்காவாக இருந்தும் சிஸ்டம் பழசாகிவிட்டது. ஆகவே இந்த வருடம் 4 மட்டும் மாற்றினேன், எட்டாம் தலைமுறை, ஜிஎஸ்டி பில்லோடு. பில்லில் ஒவ்வொரு சிஸ்டத்தின் சீரியல் நம்பரையும், விண்டோஸ் 11 ப்ரோ ஓஇஎம் என்பதையும் எழுதித் தந்தால்தான் பணம் என்று நின்றேன். அரை மணி நேரம் முனகிவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த விவரங்களை ஒரு தாளில் டைப் அடித்து, அதுவும் ஃபேசிட்டில்தான், பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். டேலி டேட்டா தினமும் இரவு ஒரு டிஸ்கில் போகிறது, போனதும் டிஸ்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்.

சர்வீஸ் தம்பி நடுவில் கொஞ்ச நாள் வரவில்லை. போன மாதம் வந்தான். திருமங்கலத்தில் ஒரு ஸ்கூலுக்கு இருபது சிஸ்டம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்களாம். தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, அந்த எஸ்எல் என்னமோ அடிப்பீங்களே, அத எழுதிக் குடுங்க" என்றான். பழைய டைப்பிங் ஷீட் ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாய்கோட்டுக்கு முன்னால் இடைவெளி விட வேண்டும் என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.